துறைமுகத்தில் நிற்கும் கார் குறித்து மச்சானுக்கு

மதிப்பும் பாசமும் நிறைந்த மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் பணிவோடு எழுதிக்கொள்வது. நீங்களும் அக்காவும் பட்டறையில் உள்ள அனைவரும் எந்தக் குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நாங்கள் நால்வர். மூவர் சுகம். நாலாவது ஆளான கார் துறைமுகக் கிடங்கில் இருபத்தாறு நாளாக நிற்கிறது.

போனில் சொல்லலாமே என்பீர்கள். பட்டறையில் நீங்கள் போனை எடுத்தால் எனக்குக் கேட்பது கிரைண்டர் சத்தம். உங்களுக்கு அதுகூடக் கேட்பதில்லை. வீட்டிலிருந்து பேசலாமென்றால் உங்கள் தங்கை பக்கத்திலேயே இருப்பாள். இது அவளுக்குத் தெரியக்கூடாத விஷயம். அதனால் வேலை செய்யும் கட்டடத்தின் மொட்டைமாடியில், லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறையில், கருவிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் வைத்து எழுதுகிறேன். எழுத்து ஆடினால் காரணம் நானல்ல, கீழே யாரோ ஏழாவது மாடிக்குப் போகிறார்கள்.

வந்து இறங்கிய மறுநாளே கம்பெனியில் சொல்லிவிட்டார்கள், சம்பளம் இந்த ஊர் வங்கிக் கணக்கில்தான் விழும் என்று. சரி, கணக்குதானே, திறந்துவிடலாம் என்று வங்கிக்குப் போனால், வீட்டு முகவரிக்கு ஆதாரமாகக் கரண்ட் பில் கொண்டு வா என்கிறார்கள், கரண்ட் பில்லுக்கு வீடு வேண்டும், வீட்டுக்காரரிடம் போனால் வாடகையைக் கையில் வாங்கமாட்டேன், வங்கி வழியாகத்தான் என்கிறார், இப்படி வங்கிக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு வாரம் நடந்ததில் செருப்பின் வார் அறுந்தது. போதாததற்குக் கையெழுத்து வேறு. பாஸ்போர்ட்டில் இருப்பது நான் இருபத்திரண்டு வயதில் ரொம்ப மிடுக்காகப் போட்ட கையெழுத்து, கடைசி எழுத்திலிருந்து ஒரு வால் கிளம்பி முதல் எழுத்தைப் போய்த் தொடும். இப்போது அது எனக்கு வரவில்லை. கவுன்ட்டரில் இருந்த அம்மா இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது நீங்க போட்டதா?" என்று கேட்டார். இரண்டு நாள் பழைய செய்தித்தாளில் எழுதி எழுதிப் பழகி, என் கையெழுத்தை நானே கள்ளக் கையெழுத்துப் போட்டுத்தான் தேறினேன்.

மூன்றாம் தடவை போனபோது வங்கி லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே மேனேஜர். எல்லோரும் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். லிஃப்ட் பழுதுபார்ப்பதுதானே என் தொழில், நான் யாரையும் கேட்காமல் மேலே ஏறி, மின்சாரத்தை அணைத்து, பிரேக்கைக் கையால் தளர்த்தி, லிஃப்டை மெதுவாகக் கீழே இறக்கினேன். மேனேஜர் வியர்த்து விறுவிறுத்து வெளியே வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் அறைக்கு அழைத்துப்போய் டீ வாங்கிக் கொடுத்தார். மச்சான், இனி எல்லாம் தானாக நடக்கும் என்று நினைத்தேன். டீயைக் குடித்து முடித்ததும், "அப்புறம், கரண்ட் பில் கொண்டு வந்தீங்களா?" என்று கேட்டார். ஆனால் நல்ல மனுஷன். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, கம்பெனி முத்திரை போட்ட ஒரு கடிதமே போதும், வேலைக்கு வருகிறவர்களுக்கென்று தனிப் படிவம் இருக்கிறது என்றார். "முதல் நாளே சொல்லியிருக்கலாமே சார்" என்றேன். "நீங்க கேக்கலையே" என்றார். கணக்கு திறந்தாயிற்று. ஜன்னலில் வெயில் விழும் வீடும் கிடைத்தது.

இனி கார். வேலைக்காகக் குடிபெயர்ந்து வருகிறவர் தன் பழைய காருக்கு வரி கட்ட வேண்டாம் என்று இங்கே ஒரு சலுகை உண்டு. சுங்க அலுவலகத்தில் காகிதங்களைப் புரட்டியவர் கேட்டார்.

"கார் யாரோடது?"

"என் வீட்டுக்காரம்மாவோடது."

"வேலைக்கு வந்தது யாரு?"

"நான் சார்."

"அப்ப கார் எதுக்கு வந்துச்சு?"

கல்யாணப் பதிவுச் சான்றிதழைக் கொண்டுபோய்க் காட்டி, அவள் எனக்குத்தான் மனைவி, அவளுடைய கார் எனக்கும் ஏதோ ஒரு முறையில் சொந்தம்தான் என்று புரியவைக்க நாலு நாள் ஆயிற்று. அதற்கடுத்து, சக்கரத்துக்கு மேலே நம் ஊர் மண் ஒட்டியிருக்கிறது, இந்த நாட்டுக்குள் வெளி மண் வரக்கூடாது என்று கழுவ அனுப்பினார்கள். கழுவி வந்த காரை எனக்கே அடையாளம் தெரியவில்லை, மச்சான். அது வெள்ளை நிறம் என்பதையே மறந்திருந்தேன்.

கடைசியாக வாகனச் சோதனை. அங்கேதான் சிக்கிக்கொண்டேன். உங்கள் தங்கைக்கு வலது கால் சின்ன வயதிலிருந்து சரியில்லை என்று நீங்கள் வைத்துக் கொடுத்தீர்களே, பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் கையாலேயே இயக்குகிற கம்பி, அதைச் சோதனை அதிகாரி பார்த்துவிட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இதைத் தயாரிச்சது யாரு?" என்றார்.

"என் மச்சான்."

படிவத்தில் தயாரிப்பாளர் என்ற கட்டத்தில் 'மச்சான்' என்று எழுதிக்கொண்டார். "அந்தக் கம்பெனியோட சான்றிதழ் எங்க?"

"சார், மச்சான்னா கம்பெனி இல்ல. என் பெண்டாட்டியோட அண்ணன்."

எழுதியதை அடித்துவிட்டு, 'தயாரிப்பாளர் தெரியவில்லை' என்று எழுதினார். கம்பியைக் கழற்றிவிட்டு வந்தால் அன்றைக்கே முத்திரை, இல்லையென்றால் கார் திரும்பிப் போகட்டும் என்று சொல்லிவிட்டார். கெட்டவரில்லை. சட்டம் அப்படி.

கம்பியைக் கழற்றினால் அந்தக் காரை நான் ஓட்டலாம், அவள் ஓட்ட முடியாது. இங்கே ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் அவளுக்கு வேலை சொல்லியிருக்கிறார்கள், ஒன்றாம் தேதி சேர வேண்டும். பஸ் நிறுத்தம் வீட்டிலிருந்து ஒரு மைல், இறங்குகிற இடத்தில் ஏற்றம் வேறு. நான் கொண்டுபோய் விடலாம்தான். ஆனால் நீங்கள் அந்தக் கம்பியை வைத்துக் கொடுத்த அன்று, பட்டறை வாசலிலிருந்து தனியாகக் கிளம்பிப் போனவள் இரண்டு மணி நேரம் திரும்பி வரவேயில்லை. நாம் பதறிப்போனோம். வந்து இறங்கியதும், "சும்மா போனேன்" என்றாள். அப்படி அவள் சொன்னதை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அதனால் அவளிடம் கப்பல் தாமதம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நேற்று என் மகள், உங்கள் மருமகள், "எந்தக் கப்பல்பா, நீந்தியா வருது?" என்று கேட்டாள். இனியும் தாங்காது. ஆகவே மச்சான், காரைத் திருப்பி அனுப்பவே முடிவு செய்துவிட்டேன். அடுத்த மாதம் கப்பல் வந்ததும் துறைமுகத்துக்குப் போய்க் காரை எடுத்துவந்து, பட்டறைக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடி வையுங்கள். கம்பியை மட்டும் கழற்றிவிடாதீர்கள். உங்கள் தங்கையிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஒரு நல்ல வார்த்தை தோன்றினால் எழுதுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் கையும் கண்ணும் நெடுநாள் நலமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் வீட்டுக்காரன்

பி.கு.: மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். துறைமுகத்துக்குப் போகாதீர்கள். தார்ப்பாய் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நடந்தது இதுதான். தபால்தலை வாங்க மறந்து, இந்தக் கடிதம் மூன்று நாள் என் சட்டைப் பையிலேயே இருந்தது. துவைக்க எடுத்தவள் படித்துவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு பஸ் மாறி, துறைமுகச் சோதனை நிலையத்துக்குத் தனியாகப் போய் அந்த அதிகாரி முன்னால் நின்றிருக்கிறாள்.

"அந்தக் காரை ஓட்டறவ நான்தான். ஓட்டிக் காட்டறேன், நீங்க பக்கத்துல உக்காருங்க."

உட்கார்ந்திருக்கிறார். வளாகத்தை மூன்று சுற்று, சரிவில் ஏறி நடுவில் நிறுத்தம், ஈரத் தரையில் திடீர் பிரேக். பிறகு அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் படுத்து, வெகுநேரம் வெளியே வரவில்லையாம். வந்ததும், "வெல்டிங் பிரமாதம்" என்றாராம். ஓட்டுகிறவரின் தேவைக்காகச் செய்த மாற்றத்துக்குத் தனி அனுமதி உண்டு, ஆனால் ஓட்டுகிறவர் நேரில் வந்து ஓட்டிக் காட்ட வேண்டும் என்று சொல்லி, இரண்டு மாதத்துக்குத் தற்காலிகச் சீட்டு கொடுத்துவிட்டார். அதற்குள் நீங்கள் அந்தக் கம்பியை அளவுகளோடு வரைந்து, கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். உடனே செய்யுங்கள்.

இன்று மத்தியானம் நான் வேலை முடிந்து கீழே இறங்கினால், வாசலில் நம் வெள்ளைக் கார் நிற்கிறது. எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கிட்டே போனேன்.

"ஏறுங்க" என்றாள்.

"அது... கப்பல் வந்துடுச்சா?" என்று கேட்டேன். வேறென்ன கேட்பது?

"வந்துடுச்சு. நீங்கதான் எனக்குச் சொல்லல" என்றாள். அதற்குமேல் திட்டவில்லை. பின்சீட்டில் உங்கள் மருமகள் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

இந்தப் பின்குறிப்பை ஓடுகிற காரில் முழங்காலில் வைத்து எழுதுகிறேன். தபால் பெட்டி பக்கம் நிறுத்தச் சொன்னேன். பேசிக்கொண்டே தாண்டி வந்துவிட்டாள். திரும்பி வர ஊரையே ஒரு சுற்றுச் சுற்ற வேண்டுமாம். சுற்றட்டும் மச்சான், எனக்கொன்றும் அவசரமில்லை.