ஆள் நீளப் பாப்பிப் பாத்தி

புல்தரையின் நடுவே ஆள் நீளத்துக்கு ஒரு செவ்வகம். அதற்குள் மட்டும் சிவப்புப் பூ பூக்கும் பாப்பிக் கன்றுகள் நெருக்கியடித்துக்கொண்டு முளைத்திருந்தன. வெளியே மருந்துக்குக்கூட ஒன்று இல்லை. ஃபிர்மின் அதன் பக்கத்தில் படுத்து அளந்து பார்த்தார். தலையும் காலும் கச்சிதமாகப் பொருந்தவே பதறி எழுந்துவிட்டார்.

“என்னங்க, தரையில படுத்துக்கிட்டு? சூப் ஆறுது!” மனைவி கோடலீவ் சமையலறை ஜன்னலிலிருந்து கூப்பிட்டாள்.

அவருக்குப் புல்தரைதான் உயிர். “செத்தாலும் இதை விட்டுப் போகமாட்டேன்” என்று ஊரெல்லாம் சொல்லித் திரிபவர். போன இலையுதிர்காலத்தில் நெஞ்சுவலி வந்து, டாக்டர்கள் கைவிரித்த பிறகும் பிழைத்து வந்தவர். அதற்கு முந்தின வாரம்தான் கோடலீவ் ஸ்வெட்டர் பின்னுவதற்காக அவரை உச்சி முதல் உள்ளங்கால் வரை அளவெடுத்திருந்தாள். ஸ்வெட்டர் இன்னும் வந்தபாடில்லை.

பெல்ஜியத்தின் ஈப்பர் வட்டாரத்தில் எங்கே மண்வெட்டி போட்டாலும் முதல் உலகப் போரின் எலும்பு வரும். கீழே சிப்பாய் எவனாவது கிடந்தால் அதிகாரிகள் வந்து தோட்டத்தையே புரட்டிவிடுவார்கள். ஃபிர்மின் சத்தமில்லாமல் பாத்தியைக் கொத்திவிட்டார். அடுத்த வாரம் இரண்டு மடங்கு முளைத்தது. புல் செழித்து அமுக்கட்டும் என்று நைட்ரேட் உரத்தை வாரி இறைத்தார். இன்னும் அடர்த்தியாக வந்தது. ஆத்திரத்தில் வைக்கோலைப் பரப்பிக் கொளுத்தினார். மழை பெய்ததும் சாம்பலைத் தள்ளிக்கொண்டு புதுக் கூட்டமே தலை நீட்டியது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

வேலிக்கு அந்தப் பக்கம் லெயோன்டின் விழுந்து விழுந்து சிரித்தாள். விதைப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள்.

“ஃபிர்மின் அண்ணே, ஒழிக்கிறேன்னு சொல்லி விருந்தே வச்சிட்டீங்களே! விதைக்குள்ள ஒரு ஹார்மோன் ‘தூங்கு தூங்கு’ன்னு தட்டிக் கொடுத்துக்கிட்டே இருக்கும். இன்னொண்ணு, ஜிப்ரலின்னு பேரு, ‘எந்திரி’ன்னு உலுக்கும். வெளிச்சம், நைட்ரேட், புகை எல்லாம் அந்த ரெண்டாவது கட்சி. மண்ணைக் கிளறினாலே போதும், வெளிச்சம் பட்டு முழிச்சிக்கும்.”

“அப்ப மொதல்ல கிளறினது யாரு? செத்த சிப்பாயா?”

“நூறு வருஷத்துக்கு முந்தி வெட்டின குழி இப்பவா எழுப்பும்? போன இலையுதிர்காலத்துல யாரோ இங்க தோண்டி மூடியிருக்காங்க.” அவள் சிரிப்பு நின்றது. “ஆள் நீளத்துக்கு.”

ஃபிர்மின் வீட்டுக்குள் ஓடினார். பிணம் புதிது என்றால் பழி வீட்டுக்காரன் தலையில்தானே விழும்?

“நான் ஆஸ்பத்திரியில இருந்தப்ப இங்க யாராவது வந்தாங்களா?” என்று மனைவியிடம் கேட்டார்.

“நான் எதையும் பாக்கலையே” என்றாள் கோடலீவ். “சந்தேகமா இருந்தா தோண்டிப் பாத்துடுங்க, மனசு லேசாகும். நல்லா ஆழமாவே தோண்டுங்க.”

தோண்டினார். மண் வெண்ணெயாக வெட்டுப்பட்டது. முழங்கால், இடுப்பு, மார்பு என்று குழி இறங்கிக்கொண்டே போனது. எலும்பில்லை, துணியில்லை, ஒரு பித்தான்கூட இல்லை.

“கோடலீவ்! காலி! ஒண்ணுமே இல்ல!” குழிக்குள் நின்றபடி குழந்தை மாதிரி அழுதார், சிரித்தார். பயந்து செத்த மனிதருக்கு உயிர் திரும்பி வந்தது.

“அதான் சொன்னேனே. மேல ஏறாதீங்க, களைச்சிருப்பீங்க. சூப்பை அங்கேயே குடிங்க” என்று குனிந்து கிண்ணத்தை நீட்டினாள்.

கொஞ்சம் கசந்தது. சந்தோஷத்தில் அதுவும் ருசித்தது. வழித்துக் குடித்தார்.

அந்த வழியாக சைக்கிளில் போன சர்ச் வெட்டியான் மாரிட்ஸ், வேலியோரம் இறங்கி எட்டிப் பார்த்தான். மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினான்.

“கோடலீவம்மா, ஐயா பொழைச்சு வந்துட்டாருன்னு போன வருஷம் என்னை மூடச் சொன்னீங்களே, அந்தக் குழிய இந்தத் தடவை அவரை வச்சே தோண்டிட்டீங்களா?”