ஜன்னலோரம் வராத இருபத்தேழு

மேஜை வந்துவிட்டது, நாற்காலி வந்துவிட்டது, தொலைபேசியும் வந்துவிட்டது. எண் மட்டும் வரவில்லை.

“எங்கே, இருபத்தேழைக் கூப்பிடும்மா பாக்கலாம்!” என்று ஜன்னலோரத்திலிருந்து குரல் கொடுத்தார் ஹெட்கிளார்க்.

வரவேற்பறைப் பெண் எண்களை அழுத்தினாள். அவர் முன்னால் இருந்த தொலைபேசி ஊமைக் கோட்டானாக உட்கார்ந்திருந்தது.

“அடிக்குதா சார்?”

“அடிச்சா நான் ஏம்மா இப்படிக் கத்தப் போறேன்?”

கழிவறைக் கதவுக்குப் பக்கத்திலேயே தலை நரைத்துப்போன அவருக்கு அன்று காலைதான் ஜன்னலோரம் கிடைத்திருந்தது. கேட்டு வாங்கியது இல்லை. அங்கே இருந்தவர் ஓய்வு பெற்றுப் போனார்; வேறு யாருக்கும் அந்த வெயில் பிடிக்கவில்லை. கேட்டு வாங்குவது என்பது அவர் ரத்தத்திலேயே கிடையாது. கடையில் மீதிச் சில்லறையைக் கூடக் கேட்காமல் வருகிறவர்.

“சார், நம்பர் போனோட வராது. சுவத்துல இருக்கிற பாயிண்ட்டோடதான் இருக்கும்,” என்றாள் அந்தப் பெண். “ஜன்னல் பாயிண்ட் முப்பத்தொண்ணு. உங்க இருபத்தேழு இன்னும் பழைய மூலையிலதான் இருக்கு. மெக்கானிக் நாளைக்கு மறுநாள் வந்து மாத்தித் தர்றாராம்.”

நாளைக்கு மறுநாளா? மத்தியானமானால் மனைவி கூப்பிடுவாளே!

வேலை நேரத்தில் யாராவது செல்போனை எடுத்தால் மேனேஜர் கண்ணாலேயே எரித்துவிடுவார். அதனால் அவர் அதை அணைத்துப் பைக்குள் போட்டுவிடுவார். மனைவி அலுவலக எண்ணுக்குப் போட்டு, கூடவே இருபத்தேழை அழுத்துவாள். ஒரு மாதமாக அவள் கேட்பது ஒரே கேள்விதான். “லீவு கேட்டீங்களா?”

வெளியூரில் இருக்கும் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. தாத்தாவும் பாட்டியும் பேத்தியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். அவரும் தினமும் லீவு கேட்பதற்காக மேனேஜர் அறை வரை போவார். உள்ளே அந்த முகத்தைப் பார்த்ததும், “ஃபேன் ஓடுதா சார்?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்.

அவள் கூப்பிடும்போது எடுக்காவிட்டால், வேண்டுமென்றே எடுக்கவில்லை என்று ஆகிவிடும். அப்புறம் வீட்டுக்குப் போக வேறு யாரையாவதுதான் அனுப்ப வேண்டும்.

“இதுக்கெல்லாம் மெக்கானிக் எதுக்கு? ரெண்டு கம்பியை மாத்தினா முடிஞ்சுது,” என்றார்.

தைரியம் விஷயத்தில் தான் பூஜ்யம் என்பதை அவரே ஒப்புக்கொள்வார். ஆனால் கையில் ஒரு ஸ்க்ரூடிரைவர் வந்துவிட்டால் தான் வேறு ஆள் என்று அவருக்கு ஒரு நினைப்பு. வீட்டு மிக்ஸியை அவர் சரிசெய்த பிறகு, அதைப் போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார் என்பதெல்லாம் அந்த நேரத்தில் ஞாபகம் வருமா?

இழுப்பறையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் போய், மாடிப்படிக்குக் கீழே இருந்த தொலைபேசிப் பெட்டியைத் திறந்தார். உள்ளே கம்பிகள், தூங்கி எழுந்தவளின் தலைமுடி மாதிரி சிக்கிக் கிடந்தன. முப்பத்தொன்று என்று எழுதியிருந்த கம்பியைப் பிடுங்கினார். இருபத்தேழு என்று எழுதியிருந்ததையும் பிடுங்கினார். இரண்டையும் இடம் மாற்றிச் செருகினார். இரண்டாவது, உண்மையில் இருபத்தொன்று. மூக்குக்கண்ணாடி மேஜை மேல் இருந்தது. இருபத்தொன்று, மேனேஜர் அறை.

“இப்ப கூப்பிடும்மா!”

கூப்பிட்டாள். ஜன்னலோரம் மறுபடியும் மௌனம்.

“கம்பி மாத்தறதெல்லாம் பழைய காலத்து வேலைம்மா,” என்றார், ஏதோ அந்தப் பெண்தான் மாற்றச் சொன்னதைப் போல. “உன் போன்லேர்ந்தே நம்பரை மாத்தலாமே? போனோட வந்த அந்தச் சின்னப் புத்தகத்தை எடு.”

இந்த முறை கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். புத்தகத்தில் சொன்னபடியே நட்சத்திரத்தை அழுத்தினார், முப்பத்தொன்றை அழுத்தினார், இருபத்தேழை அழுத்தினார். இரண்டு எண்களும் இடம் மாறிக்கொண்டன. ஒரு தப்பும் இல்லை. மெக்கானிக்கே வந்திருந்தாலும் இதைவிடச் சுத்தமாகச் செய்திருக்க முடியாது. என்ன, கம்பி மாறியதில் முப்பத்தொன்று அப்போது மேனேஜர் அறைக்குக் குடிபோயிருந்தது. ஆகவே இருபத்தேழும் நேராக மேனேஜர் மேஜைக்குப் போய்ச் சேர்ந்தது. மேனேஜரின் இருபத்தொன்றோ ஏற்கெனவே ஜன்னலோரத்துக்கு வந்துவிட்டிருந்தது.

இருக்கைக்குப் போய், ரிசீவரை எடுத்து, வரவேற்பறைக்குப் போட்டார்.

“கேக்குதாம்மா?”

“நல்லாக் கேக்குது சார்.”

“போகுது இல்ல? போனா வராதா? வரும்.”

வந்தது. ஐந்து நிமிஷம் கூட ஆகவில்லை, கணீரென்று அடித்தது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. அதை இரண்டு தடவை கூடுதலாக அடிக்கவிட்டு, நாலு பேர் திரும்பிப் பார்த்த பிறகே எடுத்தார்.

“உங்க நீலச் சட்டையில காலர் கிழிஞ்சிருக்கு. தூக்கிப் போடட்டுமா, வேண்டாமா?” என்றது ஒரு பெண் குரல்.

நீலச் சட்டையே அவரிடம் கிடையாது.

“நீங்க யாருங்க?”

அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது.

“நான் யாரா? கல்யாணம் பண்ணி, ரெண்டு பிள்ளை பெத்த பிறகு கேக்கிற கேள்வியா இது? மேனேஜர் நாற்காலியில உக்காந்தா பொண்டாட்டி குரல் கூட மறந்துபோகுமா?”

ரிசீவர் சூடுபட்டதைப் போல அவர் கையிலிருந்து நழுவித் தொலைபேசி மேலேயே விழுந்தது. மேனேஜர் வீட்டு அம்மா! அப்படியானால் மேனேஜருக்கு வருவது இங்கே வருகிறது. அப்படியானால் இங்கே வர வேண்டியது...

மெதுவாகத் தலையைத் திருப்பினார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேனேஜர் ரிசீவரைக் காதில் வைத்தபடி எழுந்து நின்றுகொண்டிருந்தார். வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். ஒரு வார்த்தை கூட வெளியே வந்ததாகத் தெரியவில்லை. இந்த நிலைமை ஹெட்கிளார்க்குக்குப் பழக்கமானது. தினமும் மத்தியானம் ரிசீவரைப் பிடித்தபடி அவரே நிற்கிற கோலம் அதுதான்.

வரவேற்பறைக்கு ஓடினார்.

“அம்மா தாயே, எல்லாத்தையும் பழையபடி ஆக்கறதுக்கு எதை அழுத்தணும்?”

“எனக்கென்ன சார் தெரியும்? நீங்கதானே புத்தகத்தைப் படிச்சீங்க?”

பக்கங்களைப் புரட்டினார். ‘எல்லாம்’ என்று தொடங்கிய ஒரு வரி கண்ணில் பட்டது. முழுக்கப் படிக்கப் பொறுமை இல்லை, அழுத்திவிட்டார். ‘எல்லாம் ஒரே நேரத்தில் ஒலிக்க’ என்பதாம் அந்த வரி. அலுவலகத்தில் இருந்த அத்தனை தொலைபேசிகளும் சேர்ந்து அலறின. ஆளாளுக்கு ரிசீவரை எடுத்து “ஹலோ, ஹலோ” என்றார்கள். ஒருவர் ஹலோவுக்கு இன்னொருவர் பதில் சொன்னார். ஸ்டோர் ரூமிலிருந்து ஒருவர் தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து வெளியே ஓடிவந்து, “எங்கே, எங்கே?” என்றார்.

ஹெட்கிளார்க் மாடிப்படிக்குக் கீழே பாய்ந்து, பெட்டியின் மின்சார வயரையே பிடுங்கிவிட்டார்.

சட்டென்று எல்லாம் அடங்கியது.

வரவேற்பறைப் பெண் எட்டிப் பார்த்தாள். “சார், மேனேஜர் உங்களைக் கூப்பிடறார். வாயாலேயே கூப்பிடறார்.”

கையில் ஸ்க்ரூடிரைவரோடே உள்ளே போனார். மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“உக்காருங்க. உங்க வீட்டம்மா பேசினாங்க.”

“சார், அது வந்து, லைன் கொஞ்சம்...”

“நான் யாருன்னு சொன்னேன். காதிலேயே வாங்கலை. மடமடன்னு பேசிக்கிட்டே போறாங்க. தினமும் இப்படித்தானா?”

“இன்னைக்குக் கொஞ்சம் கம்மியா இருக்கும் சார்.”

மேனேஜர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“பேத்தியை இன்னும் பார்க்கவே இல்லையாமே நீங்க? கணக்கு முடிக்கிற நேரத்துல என்னைத் தனியா விட்டுட்டுப் போக மனசு வரலையாம் உங்களுக்கு. ‘அந்தத் தங்கமான மனுஷர் ஒண்டியாத் திண்டாடுவார்’னு வீட்டுல சொல்லிச் சொல்லி வருத்தப்படுவீங்களாமே? உண்மையா?”

வீட்டில் அவர் மேனேஜருக்கு வைத்திருந்த பெயர் ‘சிடுமூஞ்சி’. அதற்கும் தங்கத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மனைவி எந்த ஊர்க் கதையைச் சொன்னாள் என்று அவருக்குப் புரியவே இல்லை. ஆனாலும் தலை தானாக ஆடியது.

“இந்த ஆபீஸ்ல என்னைப் பத்தி இப்படிப் பேச ஒரு ஆள் இருக்காருன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்,” என்றார் மேனேஜர். “ஒரு வாரம் போயிட்டு வாங்க. கணக்கை நான் பார்த்துக்கிறேன். அப்புறம் அந்த ஸ்க்ரூடிரைவரை இங்க வச்சுட்டுப் போங்க.”

அன்று அவர் வீட்டுக்கு நடந்து போகவில்லை, மிதந்து போனார். கதவைத் திறந்தபோது மனைவி கட்டிலில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, குட்டிக் குட்டிச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி யோசித்தார். சொன்னால் காலத்துக்கும் சிரிப்பாள். மத்தியானம் யாரிடம் பேசினோம் என்று இவளுக்குத் தெரியவா போகிறது?

“லீவு வாங்கிட்டேன்,” என்றார், சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றியபடி.

“அப்படியா?”

“ஒரு வாரம்! நேரா உள்ள போனேன். கதவைக்கூடத் தட்டலை. ‘இதோ பாருங்க சார், என் பேத்தியை நான் பார்க்கணும், கணக்கு எங்கயும் ஓடிடாது’ன்னு மூஞ்சிக்கு நேராச் சொன்னேன். மனுஷன் ஆடிப்போயிட்டான்.”

“மேஜையில கையைத் தட்டினீங்களா?”

“ரெண்டு தட்டு. பேனா ஸ்டாண்டே கீழ விழுந்துடுச்சு.”

அவள் கடைசிச் சட்டையையும் மடித்து உள்ளே வைத்தாள். பெட்டியை மூடி, பூட்டினாள். முகத்தில் துளிச் சிரிப்பு இல்லை.

“போனை எடுத்ததுமே அவர் ‘மேனேஜர் பேசறேன்’னுதானே சொன்னார்,” என்றாள். “அதைக் கேட்டப்புறம்தாங்க நான் பேசவே ஆரம்பிச்சேன்.”