தெருவுக்கு ஒரே பச்சை

இல்லவே இல்லை. யாரும் அவரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளவில்லை. மாடிவீட்டுக்காரி சொல்கிறாள் என்று நீங்களும் சேர்ந்து தலையாட்டாதீர்கள். அவள் மாடிச் சன்னலிலிருந்து பார்த்தாளாம், கடைவீதி ஒழுங்குக் குழுவின் அறையிலிருந்து அவர் வெளியே வந்தாராம், வாசலில் தடுமாறிக் குனிந்தாராம், கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். அவ்வளவு தூரத்திலிருந்து கண்ணீர் தெரிகிறதென்றால் அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அவள் இருட்டில் ஊசிக்கு நூல் கோக்கலாமே? தன் வீட்டு வாசலில் பால்காரன் வந்து நிற்பது மட்டும் அவளுக்குத் தெரியாது.

குனிந்தது உண்மைதான். எதற்குக் குனிந்தார் என்பது அப்புறம். முதலில் அவர் எந்த வகை ஆள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மனிதர்களில் நேராக்கிகள் என்று ஒரு வகை உண்டு. பார்த்திருப்பீர்கள். முடிவெட்டப் போன இடத்தில் நாற்காலியில் உட்காருமுன் கண்ணாடியின் கோணலைக் காட்டி, "இப்படி மாட்டியிருந்தா வெட்டற முடியும் இப்படித்தான் வரும்" என்று கடைக்காரரிடம் சொல்பவர்; ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் மச்சானைப் பார்க்கப் போய், கட்டிலைச் சுவருக்கு இணையாகத் தள்ளி, மருந்துப் புட்டிகளை உயரவாரியாக நிறுத்தி, போர்வையின் இரண்டு நுனியையும் சமமாக இழுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்பவர்; அடுத்தவர் வீட்டுச் சுவரில் மாட்டிய படத்தை, அந்த வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டுவர உள்ளே போன நேரத்தில், எழுந்து போய்த் தட்டிச் சரிசெய்துவிட்டு ஒன்றுமே தெரியாதவர்போல் உட்கார்ந்திருப்பவர். கெட்டவர்கள் இல்லை. ஒருவர் சொத்தையும் அபகரிக்க மாட்டார்கள். கொஞ்சம் நகர்த்தி வைப்பார்கள். அவ்வளவுதான்.

இவர்களுடைய பேச்சும் ஒரே அச்சுதான். "கண்ணை உறுத்துது" என்று தொடங்குவார்கள். "ஒரு விரல்தான்" என்பார்கள். நீங்கள் நிம்மதியாக மூச்சுவிடுவதற்குள், "ஆனா, ஒரு விரல்!" என்பார்கள்.

நம்முடையவருக்கு ஊரே வைத்த பெயர் ரசமட்டம். கொத்தனார்கள் சுவர் மட்டம் பார்க்கும் அந்தச் சின்னக் கருவி, நடுவில் கண்ணாடிக் குழலும் அதற்குள் ஒரு நீர்க்குமிழியும் இருக்குமே, அதில் ஒன்று எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும். மற்றவர்கள் பேனா வைக்கும் இடம். வேலையில் இருந்த காலமெல்லாம் கட்டட வரைபடம் போட்டவர். வேலை ஓய்ந்தது, கை ஓயவில்லை. கை ஓயாத நேராக்கி வீட்டிலிருந்தால் என்ன நடக்கும்? அவர் மனைவியைக் கேளுங்கள். பாத்திர மூடிகளை அவர் அளவுவாரியாக அடுக்கிய நாளிலிருந்து அந்த அம்மாவுக்கு எந்தப் பாத்திரத்துக்கும் மூடி கிடைத்ததில்லை.

"வெளியே போய் ஏதாவது செய்யுங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று அந்த அம்மா வேண்டிக்கொண்ட வேளை நல்ல வேளை. அப்போதுதான் கடைவீதி படுத்துப்போயிருந்தது. ஊருக்கு வெளியே குளுகுளு என்று பெரிய கடை திறந்து, சனமெல்லாம் அங்கே போய்க்கொண்டிருந்தது. கடைக்காரர்கள் கூடி, தெருவை அழகாக்கினால்தான் பிழைப்பு என்று முடிவுகட்டி, ஒழுங்குக் குழு ஒன்றை அமைத்து, அதற்குத் தலைவர் தேடினார்கள். கடை வைத்திருப்பவர் தலைவரானால் தன் கடைக்கு வளைப்பார் அல்லவா? கடையில்லாதவர், கட்டடம் தெரிந்தவர், சும்மா இருப்பவர். மூன்று பொருத்தமும் ரசமட்டத்திடம் இருந்தது. அதே தெருவில் அவருடைய தங்கை நூல்கடை வைத்திருக்கிறாள் என்பது அன்றைக்கு யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்தார், வரைமுறை பிறந்தது. மேல்மாடிச் சன்னல் அகலத்தைவிட உயரம் கூடியிருக்க வேண்டும். கீழே முகப்பில் பாதிக்குமேல் கண்ணாடி வேண்டும், அந்தக் கண்ணாடியில் திரை தொங்கக்கூடாது, அட்டை ஒட்டக்கூடாது. கதவு தெருவில் துருத்தாமல் உள்ளடங்கி இருக்க வேண்டும். செங்கல்லுக்குச் சாயம் பூசக்கூடாது. பெயர்ப்பலகை எல்லாம் ஒரே உயரம், ஒரே அகலம், வெள்ளை எழுத்து, பச்சைப் பின்னணி. வெயிலுக்கு இறக்கும் சாய்ப்பு எந்தக் கடையிலும் சுவரிலிருந்து ஒரு முழத்துக்குமேல் நீளக்கூடாது.

"பச்சைன்னா எந்தப் பச்சை?" என்று கேட்டார் பேக்கரிக்காரர். தெருமுனைக் கடை அவருடையது. குழுவில் இரண்டாவது நாற்காலியும் அவருடையதே.

நல்ல கேள்வி. ஒருவர் கிளியைச் சொன்னார், ஒருவர் பாசியைச் சொன்னார், செருப்புக்கடைக்காரர் தன் மாமனார் வீட்டுக் கதவைச் சொன்னார். சாயக்கடை அட்டையைக் காட்டலாமென்றால், "காகிதம் வெளுத்துடும்" என்று ரசமட்டம் மறுத்துவிட்டார். பிறகு எழுந்து நேரே தங்கை கடைக்குப் போய், அலமாரியிலிருந்து கரும்பச்சை நூல்கண்டு ஒன்றை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். "இதுதான் பச்சை. சாயம் முக்கின நூல். நிக்கும்." அந்தக் கண்டு தங்கை கடையின் முன்கண்ணாடிக்குள், எல்லோர் கண்ணிலும் படும்படி குடிவைக்கப்பட்டது. யாரும் தொடக்கூடாது; நகர்த்தக்கூடாது. சாயம் அடிப்பவர் ஒவ்வொரு கடைக்கும் அதைப் பார்த்துத்தான் கலக்க வேண்டும்.

அடுத்த வாரம் நீளமான சாய்ப்புகளையெல்லாம் கழற்றினார்கள். பேக்கரிக்காரர் தன் கோடுபோட்ட சாய்ப்பைக் கழற்றியபோது வீட்டில் யாரோ போய்விட்டதுபோல முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். தங்கையின் கடைக்கு முன்னால் ஒரு பழைய மஞ்சள் கித்தான் சாய்ப்பு, இரண்டு முழத்துக்குமேல் நீளம். அதன் நிழலில்தான் பெண்கள் நின்று பொத்தான் பொறுக்குவார்கள்.

"அண்ணா, இது அழகுக்குப் போட்டது இல்ல" என்றாள் தங்கை. "கடை மேற்குப் பார்த்த கடை. சாயங்கால வெயில் நேரா உள்ள விழும். நூலெல்லாம் வெளுத்துடும்."

"ஒரு திரை போட்டுக்கயேன்."

"கண்ணாடியை மறைக்கக்கூடாதுன்னு நீதானே எழுதி வச்சிருக்கே?"

"ஆமா, மறைக்கக்கூடாதுதான்." கொஞ்சம் யோசித்தார். "நூலைக் கொஞ்சம் தள்ளி வை."

"எங்க தள்ளறது? கடையே ஒரு அலமாரி அகலம். இனிமே வெயிலைத்தான் தள்ளணும்."

"தங்கச்சிக்கு ஒண்ணு, பேக்கரிக்கு ஒண்ணுன்னு என்னால சட்டம் போட முடியாதும்மா."

"சரிங்க, தலைவரே" என்றாள் தங்கை.

கவனித்தீர்களா? பேசத் தெரிந்த நாளிலிருந்து 'அண்ணா, நீ' என்று கூப்பிட்டவள். அன்றோடு 'தலைவரே, நீங்க'. கித்தானைச் சுருட்டிக் கடைக்குப் பின்னால் சாய்த்து வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் வீட்டுக்குச் சாப்பிட வருவதும் நின்றது.

சாயம் அடிக்கிறவர் பேக்கரியில் தொடங்கினார். பொறுமைசாலி, ஒரு பலகைக்கு ஒரு வாரம். ஒவ்வொரு முறையும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு தங்கை கடைக் கண்ணாடி முன்னால் வந்து நின்று, நூல்கண்டைப் பார்த்து, கலக்கி, குச்சியில் தொட்டுக் காட்டுவார். ரசமட்டம் பக்கத்தில் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். "அச்சு அசல். அடி." அடுத்த வாரம் அடுத்த கடை. மறுபடி நூல், மறுபடி ஒற்றைக் கண், மறுபடி "அச்சு அசல்." தெரு நீளம். வெயில்காலமும் நீளம்.

இதற்கிடையில் தையற்காரம்மா ஒருத்தி நூல்கடைக்கு வந்து ஒரு ரவிக்கையை விரித்துக் காட்டினாள். "இந்தக் கைத் தையல் சிவப்பு, அந்தக் கைத் தையல் ரோஸ். ஒரே கண்டுதானே குடுத்தீங்க? தைக்கக் குடுத்தவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?" அன்றைக்கு அவள், நாளைக்கு இன்னொருத்தி. நூல் வாங்க வருகிறவர்களுக்கு நிறம்தான் எல்லாம். நிறம் தப்பினால் அந்தக் கடை எதற்கு? தங்கை தன் அண்ணியிடம் போய்ச் சொன்னாள்: "இந்த மாசத்தோட சாவியைக் குடுத்துடறேன் அண்ணி. தலைவர்கிட்ட சொல்லிடுங்க. ஒரு கடை குறைஞ்சா தெரு இன்னும் சுத்தமா இருக்கும்."

மனைவி வந்து சொன்னபோது ரசமட்டம் பாத்திர மூடிகளுக்கு நடுவே நின்றிருந்தார். "சட்டம்னா சட்டம்தான்" என்றார். ஆனால் கையிலிருந்த மூடியைக் கிடைத்த இடத்தில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அந்த அம்மாவுக்குப் பயமாகிவிட்டது. வைத்தியரைக் கூப்பிடலாமா என்றுகூட யோசித்தாள்.

கடைசிப் பலகையும் முடிந்த அன்று குழு முழுவதும் எதிர்வரிசையில் வங்கியின் உயரமான படிக்கட்டில் ஏறி நின்றது. இத்தனை நாளும் ஒவ்வொரு கடையாகப் பக்கத்தில் நின்று பார்த்தார்களே தவிர, தெருவைத் தெருவாக யாரும் பார்க்கவில்லை. இப்போது பார்த்தார்கள்.



பேக்கரியில் கரும்பச்சை. அடுத்த கடை அதைவிட ஒரு மாற்றுக் குறைவு. அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம். அப்படியே இறங்கி இறங்கி, செருப்புக்கடையில் இலைப்பச்சையாகி, கடிகாரக்கடையில் தளிர்ப்பச்சையாகி, தெருவின் மறுமுனையில் கோடிக்கடைக்கு வந்து பார்த்தால் உரித்த வெள்ளரிக்காய்.

"என்னய்யா இது?" என்றார் பேக்கரிக்காரர். "தெரு போகப்போக மயக்கம் போட்டு விழுது?"

சாயக்காரரைப் பிடித்தார்கள். அவர் அசரவில்லை. "நூல் என்ன நிறமோ அதைத்தான் அடிச்சேன். தலைவர் பக்கத்துலேயே நின்னாரு. கேட்டுக்கோங்க." ரசமட்டத்தால் மறுக்க முடியுமா? எல்லோரும் திமுதிமுவென்று தங்கை கடைக்கு வந்தார்கள். கண்ணாடிக்குள் நூல்கண்டு உட்கார்ந்திருந்தது. வெள்ளரிக்காய் நிறத்தில்.

"அப்ப கோடிக்கடைதான் சரி" என்றார் ரசமட்டம் மெதுவாக. நேராக்கி அல்லவா, வரைமுறையை விட மனம் வரவில்லை. "மத்தவங்க எல்லாம் மறுபடி..."

"என்னது! மறுபடியா?" பேக்கரிக்காரர் குதித்தார்.

தங்கை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். யாரும் தொடக்கூடாத கண்டைக் கையில் எடுத்தாள். நுனியைப் பிடித்து இழுத்தாள். மேல்சுற்று வெளுத்த நூல் சரசரவென்று தரையில் விழ விழ, உள்ளேயிருந்து பச்சை ஏறிக்கொண்டே வந்தது. கடைசியில் கரும்பச்சை, அன்றைக்கு மேசையில் வைத்த அதே பச்சை, பளிச்சென்று.

"நூல் மாறல, தலைவரே" என்றாள். "எந்தப் பச்சை வேணுமோ அது வரைக்கும் பிரிச்சுக்கோங்க. நான் வெயில் வரும்னு சொன்னேன். வந்துடுச்சு."

ரசமட்டம் தரையில் கிடந்த நூலைப் பார்த்துக்கொண்டே நின்றார். சிக்கலாகக் கிடந்தது. குனிந்து அதைச் சுற்றிவைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் குழு கூடியது. அவர் எழுந்து சொன்னார்: "வெயில் எல்லாக் கடைக்கும் ஒரே மாதிரி விழல. சாய்ப்பும் ஒரே மாதிரி இருக்கக்கூடாது. வெயிலைப் பார்த்து அளவு வைக்கணும்."

"ஓஹோ! தங்கச்சி கடைக்காக வரைமுறையை வளைக்கிறீங்களா?" என்றார் பேக்கரிக்காரர். மாடிவீட்டுக்காரியின் காதுக்கு எட்டியது இந்த ஒரு வாக்கியம்தான். மீதியெல்லாம் அவளுடைய கைவேலை.

"உங்க ரொட்டி வெளுக்குதா? வெளுக்காது. நூல் வெளுக்கும்."

"நாங்க எங்க சாய்ப்பைக் கழட்டிப் போட்டோமில்ல? அவங்களும் போட்டதாவே இருக்கட்டும். எல்லாரும் ஒண்ணு. நீங்க சொன்னதுதான்."

கை தூக்கச் சொன்னார்கள். அவர் பக்கம் அவருடைய கை மட்டும்தான் உயர்ந்திருந்தது. அதையும், நேராகத்தான் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு இறக்கினார். நாற்காலியை மேசையோடு ஒட்டித் தள்ளினார், மற்ற நாற்காலிகளின் வரிசைக்குச் சரியாக. "வரேன்" என்றார். யாரும் தள்ளவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. தானாக நடந்தார். வாசலில் குனிந்தாரே, அங்கே மிதியடி கோணலாகக் கிடந்தது. அதை நேராக்கினார். கண்ணைத் துடைத்தது மிதியடித் தூசி விழுந்ததால். அவ்வளவுதான் கதை. போய் மாடிவீட்டுக்காரியிடம் சொல்லுங்கள்.

தெருவைக் கடந்து தங்கை கடைக்குப் போனார்.

"என்னங்க தலைவரே?"

"தலைவரா? அங்க யாரையாவது புதுசா உக்கார வச்சிருப்பாங்க. நான் உன் அண்ணன். ஏணி எங்க?"

தங்கை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பின்னால் போய்ச் சுருட்டி வைத்திருந்த மஞ்சள் கித்தானை எடுத்துவந்தாள். அவர் ஏணியில் ஏறி, பழைய கம்பிகளை மாட்டி, சாய்ப்பை இழுத்துக் கட்டினார். ரசமட்டத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார், பார்த்தார், திரும்பப் பைக்குள் போட்டுவிட்டார். கண்ணாடிக்குள் நிழல் விழுந்தது. பேக்கரிக்காரர் விறுவிறுவென்று ஏணியருகே வந்து, சண்டைக்கு வாயைத் திறந்தார். உள்ளே கரும்பச்சைக் கண்டு நிழலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். தெருமுனையில் தன் கரும்பச்சைப் பலகையைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கண்டு வெளுக்காமல் இருக்கும்வரை அவர் மறுபடி சாயம் அடிக்க வேண்டியதில்லையே? வாயை மூடிக்கொண்டு தன் கடைக்குப் போய்விட்டார்.

ஏணியைப் பிடித்திருந்த தங்கை அண்ணாந்து பார்த்தாள். "எல்லாம் சரிதான் அண்ணா. இடது பக்கம் மட்டும் கண்ணை உறுத்துது. ஒரு விரல்தான்."

குடும்பத்துக்கே உண்டு போலிருக்கிறது என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சிரியுங்கள். இங்கே வந்து உட்கார்ந்ததும் மேசையில் கோணலாகக் கிடந்த மூக்குக்கண்ணாடிக் கூட்டை ஓரத்தோடு ஒட்டி நகர்த்தி வைத்தது யார்? கிளம்புகிறீர்களா? நல்லது, போய் வாருங்கள். வாசலில் மிதியடி கொஞ்சம் கோணலாகக் கிடக்கிறது. வேண்டுமென்றேதான் போட்டிருக்கிறது. அதை அப்படியே தாண்டிப் போக முடிகிறதா, பாருங்கள்.