தையல்காரம்மா பின்வாங்கினாள்

வகுப்பு அறிவிப்புப் பலகையில் தன் பெயரைப் பார்த்ததும் தையல்காரம்மா கிட்டே போய் இன்னொரு முறை படித்தாள். மேலே ‘ஆப்டட் அவுட்’ என்று கொட்டை எழுத்து. பிரெஞ்சில் ‘ஒப்தே’ என்றால் தேர்ந்தெடுப்பது. சந்தேகமே இல்லை. வெள்ளிக்கிழமை வகுப்பு விழாவில் இங்கிலீஷில் பேச அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்!

வீட்டுக்கு வெளியே, பள்ளிக்கூடம் தொடங்கி தையல் கடை வாடிக்கையாளர் வரை பிரெஞ்சிலேயே காலம் தள்ளியவள் அவள். இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்து மூன்றே மாதம்.

“ஏங்க, விலகிக்கிறேன்னு இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது?”

பஸ் ஓட்டிவிட்டு வந்து காலை நீட்டியிருந்த கணவர் யோசித்தார். “ஸ்டெப்னு வரும். பின்னாடி ஒரு குட்டி வார்த்தை ஒட்டிக்கும். ‘அப்’போ, ‘டவுன்’னோ. ‘அப்’னே போடு, மரியாதையா இருக்கும்.”

மறுநாள் வாத்தியாரிடம், “சார், ஐ ஸ்டெப் அப்” என்றாள்.

இங்கிலீஷ் தவிர வேறெதுவும் அறியாத வாத்தியாருக்கு முகமெல்லாம் பல். பேசுவோர் பட்டியலில் அவளை முதல் ஆளாக எழுதினார்.

வீட்டில் அகராதியைப் புரட்டிய கணவர் தலையைச் சொறிந்தார். “துணிஞ்சு முன்வர்றேன்னு சொல்லிட்டு வந்திருக்கே.”

“நீங்க சொல்லிக் குடுத்த லட்சணம்!”

“சரி, பேக்னு ஆரம்பி. பேக்னா பின்னாடிதானே? தப்பவே தப்பாது.”

அவள் ‘பேக் அப்’ என்றாள். யாராவது வராவிட்டால் அவர்களுக்குப் பதிலாகவும் இவளே பேசுவதென்று முடிவாயிற்று.

மூன்றாம் நாள் கணவரை நம்பாமல், விலகுவதற்கான பிரெஞ்சுச் சொல் ‘ரெத்திரே’யையே கொஞ்சம் திருகி, “சார், ஐ ரிடையர்!” என்றாள்.

வகுப்பே எழுந்து கைதட்டியது. தொழிலிலிருந்து ஓய்வு பெறுகிறாளாம்! அந்த மரியாதைக்காக அவளுடைய ஐந்து நிமிடப் பேச்சு பதினைந்தானது.

வெள்ளிக்கிழமை மேடை ஏறினாள். சொல்ல வேறொன்றும் இல்லாததால், ஸ்டெப்பில் தொடங்கி ரிடையர் வரை தான் மாட்டிக்கொண்டதையே தப்பும் தவறுமாகச் சொன்னாள். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கணவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம், “நம்ம வீட்டம்மாதான்” என்றார்.

பூரிப்போடு சான்றிதழ் வாங்கப் போனவளை அலுவலகக் கிளார்க் ஏற இறங்கப் பார்த்தார்.

“பேச விருப்பமில்லைன்னு சேரும்போதே படிவத்துல டிக் போட்டீங்க, ‘ஆப்டட் அவுட்’னு விலகினவங்க பட்டியலைப் பலகையில ஒட்டியும் வெச்சோம், அப்புறமும் மூணு நாளா வாத்தியாரைத் துரத்தி மைக்கை வாங்கிட்டீங்களேம்மா!”