மூன்று முறை அழைத்த விருந்து

கம்ப்யூட்டர் பதில் சொல்லத் தாமதித்தால், அது நம்மை மதிக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளும் ரகம் நான். அந்தக் கோபத்தால் ஒரு நாள் எங்கள் வீட்டு மானமே கப்பலேறப் பார்த்தது.

அப்போது சென்னையிலுள்ள ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்துக்கு, அம்பகரத்தூரில் எங்கள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். (அம்மாவின் பார்வையில் அது வேலையே இல்லை, ஃபேனுக்குக் கீழே உட்காருவது.) பக்கத்துக் கடலோர ஊரான கருக்களாச்சேரியின் மீனவர்களுக்காகப் புயல் எச்சரிக்கை ஏற்பாடு ஒன்றைச் செய்திருந்தோம். வீட்டிலிருந்தபடி கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டினால், எங்கோ இருக்கும் சர்வர் அதைக் குரலாக்கி அந்த ஊர் ஒலிபெருக்கிகளில் பேசவைக்கும். அது வேண்டுமா, வேண்டாமா என்று ஊர்ப் பஞ்சாயத்து அந்த வாரம் முடிவு சொல்ல இருந்தது. வேண்டாமென்றால் என் வேலை காலி.

காலையில் சோதித்துப் பார்க்க ஏதாவது வாக்கியம் வேண்டுமே என்று, என் பெயரையே போட்டு, ‘அம்பகரத்தூர் செந்தில் வீட்டில் இன்று மதியம் விருந்து. அனைவரும் வருக’ என்று தட்டினேன். பதில் வரவில்லை. மறுபடி தட்டினேன். அப்போதும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் முறையும் தட்டிவிட்டு, நெட்வொர்க்கைத் திட்டியபடி குளிக்கப் போனேன்.

மதியம் வாசலில் இரண்டு மினி லாரிகள் வந்து நின்றன. வெள்ளை வேட்டிகளும் பட்டுப் புடவைகளுமாக ஒரு கூட்டம் இறங்கியது. முன்னால், பெரிய கொடுவா மீனோடு, கருக்களாச்சேரிப் பஞ்சாயத்துத் தலைவர் பக்கிரிசாமி. அம்மா எங்கள் இருவருக்கு மட்டும் ரசம் வைத்திருந்தாள்.

“ஒரு தடவ சொன்னா சேதி தம்பி. மூணு தடவ சொன்னா வீட்டுக்கு ஒருத்தர் வந்தாகணும், அது எங்க ஊர்க் கட்டு. என்னங்க விசேஷம்?” என்றார்.

ஓடிப்போய்த் திரையைப் பார்த்தேன். சோதனை சர்வர் என்று நினைத்து, நிஜ சர்வரிலேயே தட்டியிருக்கிறேன். மூன்று கட்டளைகளும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. திரும்பி வரவேண்டிய பதில்தான் வழியில் தொலைந்திருக்கிறது. விசேஷமெல்லாம் இல்லை, என் முட்டாள்தனம்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

பக்கிரிசாமி தாடையைச் சொறிந்தார். “கடைசித் தெரு வரைக்கும் கணீர்னு கேட்டுச்சு. மூணே தடவையில ஊரே கெளம்பிட்டு. புயலுக்கு இது போதுங்க. ஆனா இனிமே எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுத்தான் அது பேசணும்.”

அந்த நிமிடம் அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. வந்த பெண்களே கொல்லையில் அடுப்பு மூட்டினார்கள். பக்கத்து வீடுகளிலிருந்து அண்டாக்கள் வந்தன. சாப்பாட்டுப் பந்தியிலேயே பஞ்சாயத்து முடிவும் ஆகிவிட்டது.

இப்போது பஞ்சாயத்தார் சம்மதம் இல்லாமல் ஒலிபெருக்கி வாய் திறக்காது. போன மழைக்காலத்தில் அது கூப்பிட்டு எல்லாப் படகுகளும் நேரத்தோடு கரைக்கு வந்தன. அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறும். ஆனால் நான் லேப்டாப்பைத் திறக்கும் சத்தம் கேட்டால் போதும், அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்துவிடுவாள்: “இன்னிக்கு எத்தன பேருக்குடா உல வைக்கணும்?”