பலகை இன்னும் தொங்குது

“வீடு போய்விட்டது” என்று செலீன் சொன்னபோது கனகசிங்கம் சப்பாத்தைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. அவளுடைய தலைக்கு மேலே, இரண்டாம் மாடிப் பல்கனியில், ‘வாடகைக்கு’ என்ற சிவப்புப் பலகை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

கனகசிங்கம் பலகையைப் பார்த்தார். செலீனும் அண்ணாந்து பார்த்தாள்.

“அப்ப அந்தப் பலகை?”

“அது பலகை” என்றாள் செலீன்.

செலீன் அந்தக் கட்டடத்தின் பராமரிப்பாளர். கீழ்வீட்டில் ஒரு சாம்பல் பூனையோடு இருந்தாள். சனிக்கிழமை அவள்தான் வீட்டைத் திறந்து காட்டினாள். நாலரை அறை. மொன்றியல் நகரத்தில் குளியலறையை அரை அறையாகக் கணக்கு வைப்பார்கள். அடுப்படியில் நின்றால், குசினி யன்னலால் ஜான்-டலோன் சந்தையின் கூரை தெரிந்தது. ஜெகதீஸ்வரி அந்தக் குசினியில் ஐந்து நிமிடம் பேசாமல் நின்றாள். முப்பது வருட மனைவி பேசாமல் நின்றால் வீடு பிடித்துவிட்டது என்று பொருள்.

“சனிக்கிழமை இருந்ததெல்லோ?”

“இருந்தது. பிறகு உரிமையாளர் உங்கள் விண்ணப்பத்தைப் பார்த்தார். பெயரைப் பார்த்தார். பழைய விலாசத்தைப் பார்த்தார். வீடு போய்விட்டது என்று சொல்லச் சொன்னார்.”

கனகசிங்கம் மனைவியின் பக்கம் திரும்பினார்.

“கேட்டியே ஜெகதீசு? பேரைப் பாத்தவுடன!”

அந்தக் குரலில் துக்கம் இருந்தது. ஆனால் துக்கத்துக்கு அடியில், முப்பது வருடம் பஸ்ஸுக்குக் காத்திருந்தவனுக்குத் தூரத்தில் வெளிச்சம் தெரிந்தது போல ஒரு சந்தோசமும் இருந்தது.

அதற்குக் காரணம் உண்டு. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் அவர் ‘துவேச எதிர்ப்பு ஒன்றிய’த்தின் ஆயுட்காலத் தலைவர். ‘நிறமும் நீதியும்’ என்ற தலைப்பில் நாற்பத்தொரு மேடையில் பேசி, இருபத்தொன்பது பொன்னாடை வாங்கியவர். ஆனால் அந்த முப்பது வருடத்தில் ஒரு வெள்ளைக்காரனும் அவரை முறையாக அவமதிக்கவில்லை. பேச்சில் சொந்த உதாரணம் வேண்டிய இடத்தில் எல்லாம் அவர் தன் மைத்துனனின் அனுபவத்தையே சொல்லிவந்தார். ஒரு தலைவருக்கு இது பெரிய குறை.

இப்போது ஓய்வூதியத்துக்கு மூன்று வருடம் இருக்கையில், அவர் வேலை செய்த மருந்துப் பொதி செய்யும் தொழிற்சாலை மொன்றியலுக்கு மாறிவிட்டது. ஸ்காபரோ வீட்டை விற்றாயிற்று. தளபாடங்கள் ஒரு வாடகைக் கிட்டங்கியில். கனகசிங்கமும் ஜெகதீஸ்வரியும் புறநகரான டொலார்ட்டில் அந்த மைத்துனன் சுபாஸ்கரனின் பேஸ்மென்றில்.

இந்த நகரத்தில் எல்லோரும் ஒரே நாளில்தான் வீடு மாறுவார்கள். யூலை முதலாம் திகதி. அன்றைக்கு வீடு கிடைக்காதவனுக்குப் பிறகு கிடைப்பது கஷ்டம். அதே யூலை முதலாம் திகதி சுபாஸ்கரனின் பேஸ்மென்றுக்குச் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் படிக்கிற இரண்டு மாணவர்கள் வருவதாக எழுதிக் கையெழுத்து வைத்தாயிற்று.

“அத்தான், நான் என்ன செய்யிறது? அவங்களுக்கு மாசியிலயே குடுத்திட்டன்” என்றான் சுபாஸ்கரன், மிகுந்த மரியாதையோடு.

இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

•

“எனக்கு ஒரு குசினி வேணும். வேற ஒண்டும் வேண்டாம்” என்றாள் ஜெகதீஸ்வரி. “பார்க் எக்ஸ்டென்ஷனில எங்கட ஆக்கள் எத்தினை பேர் வாடகைக்குக் குடுக்கினம். ஒருக்கா விசாரிச்சுப் பாருங்கோவன்.”

“எங்கட ஆக்களின்ர வீட்டிலயோ? ஆர் எவர் எண்டு தெரியாமல் எப்பிடிப் போயிருக்கிறது?”

“உங்கட விசாரிப்பைத் தொடங்காதேங்கோ. ஸ்காபரோவில வாடகைக்குப் போட்ட எங்கட பேஸ்மென்ற் ஆறு மாதம் சும்மா கிடந்ததும் அதாலதான்.”

கனகசிங்கத்தின் விசாரிப்பு ஊரறிந்தது. ஒரு தமிழரைக் கண்டால் முதலில் “ஊர் எது?” என்பார். யாழ்ப்பாணத்தில் எந்த ஊரின் பெயரைச் சொன்னாலும் அடுத்தது, “கோயிலுக்கு எந்தப் பக்கம்?” வடக்கா தெற்கா என்று தெரிந்தால் போதும். எதிரே நிற்பவனின் பாட்டன் என்ன தொழில் செய்தான், அவன் வீட்டில் தேத்தண்ணி குடிக்கலாமா என்பதுவரை அவருக்குத் தெளிந்துவிடும். மற்றவர்கள் வரைபடத்தை வைத்து வழி கண்டுபிடிப்பார்கள். அவர் ஆளைக் கண்டுபிடிப்பார்.

“அது அறிஞ்சு வைக்கிறது. துவேசம் வேற” என்றார். “இப்ப எங்களுக்கு நடந்திருக்கே, இதுதான் துவேசம். பத்திரத்தைப் பார். உரிமையாளர் எண்ட இடத்தில பேரே இல்லை. ஒரு கொம்பனி. வெறும் இலக்கம். துவேசம் பிடிச்சவன்தான் பேரை ஒளிப்பான்.”

“அப்ப அந்த வீட்டை விடுங்கோ. வேற பாப்பம்.”

“விடுறதோ? அவனுக்கு நான் ஆரெண்டு தெரியேல்லை. தெரியப்படுத்துவம்.”

அன்றிரவே ஒரு கோப்புத் தயாரானது. பொன்னாடைப் படங்கள் பதினாறு. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் எழுதிய வாழ்த்து. ஒன்றியத்தின் வெள்ளிவிழா மலரில் அவரைப் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரை: ‘வீடற்றோர்க்குத் தன் இல்லத்தைத் திறந்த வள்ளல்’. அதன் நடுவே ஸ்காபரோ வீட்டு வாசற்படியில் அவர் கைகட்டி நிற்கும் படம், கதவிலக்கம் தெளிவாகத் தெரிய. கட்டுரையை எழுதியவரும் அவரே. அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் அவரே.

இரண்டு நாள் கழித்து அவர் போனபோது செலீன் பூனைக்குச் சாப்பாடு வைத்துக்கொண்டிருந்தாள்.

“கோப்பைக் குடுத்தீங்களோ?”

“கொடுத்தேன். நீங்கள் படியில் நிற்கிற படத்தை நிறைய நேரம் பார்த்தார்.”

“பிறகு?”

“சிரித்தார். வீடு இப்போது இரண்டு மடங்கு போய்விட்டது என்று சொல்லச் சொன்னார்.”

சிவப்புப் பலகை அவர்கள் இருவரையும் கேட்டுக்கொண்டு தொங்கியது.

•

“இனி ஆதாரம்” என்றார் கனகசிங்கம்.

சுபாஸ்கரனின் மகள் அஜந்தா இங்கேயே பிறந்தவள். அவள் பிரெஞ்சு கதைத்தால் பக்கத்து மேசைக்காரர் திரும்பி முகத்தைப் பார்ப்பார்கள். முகத்தைப் பார்த்தபின் இன்னொருமுறை திரும்பிப் பார்ப்பார்கள்.

“பிள்ளை, அந்த வீட்டுக்கு ஒரு கோல் எடு. றோஸ்மேரி ட்ரெம்ப்ளே எண்டு ஒரு வெள்ளைக்காரப் பேரைச் சொல்லு. வீடு இருக்கோ எண்டு கேள்.”

“மாமா, அது பொய் எல்லோ?”

“பொய் இல்லை. பரிசோதனை. ஆராய்ச்சி செய்யிற ஆக்கள் எல்லாரும் இப்பிடித்தான் செய்யிறவை.”

அஜந்தா தொலைபேசியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். யன்னலுக்குப் பின்னால் கனகசிங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். நாலு நிமிடத்தில் அவள் திரும்பி வந்தாள்.

“வீடு இருக்காம். நாளைக்கே வந்து பாக்கட்டாம். ஓனரோடயே கதைச்சனான். நல்ல மனுசன் மாமா.”

“நல்ல மனுசன்!” கனகசிங்கம் கதிரையில் இருந்தார். கண் கலங்கியது. “எழுது ஜெகதீசு. திகதி, நேரம், எல்லாம் எழுது. நல்ல மனுசனாம். ட்ரெம்ப்ளேக்கு நல்ல மனுசன்.”

“மாமா, ஒரு விசயம்…” என்றாள் அஜந்தா.

“பேந்து சொல்லு பிள்ளை. நான் இப்ப எழுத வேணும்.”

எழுதினார். முறைப்பாடு நாலு பக்கம் வந்தது. முதல் மூன்று பக்கமும் அவருடைய வாழ்க்கை வரலாறு.

அதற்குள் ஜெகதீஸ்வரி இரண்டு வீடு பார்த்து வைத்திருந்தாள். ஒன்றின் உரிமையாளர் கிரேக்கர். மற்றது ஹெயிட்டிக்காரர். இருவரும் வரச் சொன்னார்கள். கனகசிங்கம் போகவில்லை. வேறு வீட்டுக்குப் போனால் வழக்கு பலவீனமாகிவிடும் என்றார். இரண்டும் போய்விட்டன. இவை உண்மையாகவே போயின. பலகையையும் கழற்றிவிட்டார்கள்.

ஜெகதீஸ்வரி அன்று சமைக்கவில்லை. தம்பியின் மனைவியின் குசினியில் தேங்காய் துருவி எங்கே இருக்கிறது என்று ஏழாவது முறையாகக் கேட்க வேண்டியிருந்தது. அவள் கேட்காமல் பேஸ்மென்ற் கட்டிலில் போய் இருந்தாள்.

“இன்னும் நாலு நாள்” என்றாள். “வழக்கில வெண்டால், தீர்ப்பில குசினி இருக்குமோ?”

•

மறுநாள் காலை கனகசிங்கம் கோட் போட்டுக்கொண்டு படையோடு புறப்பட்டார். மனைவி, சாட்சிக்கு அஜந்தா, பதிவுக்கு விதுர்சன். விதுர்சன் காப்புறுதி விற்பவர். மிச்ச நேரத்தில் தன் காரில் இருந்து ஓர் இணையத் தொலைக்காட்சி நடத்தினார்.

“தம்பி, ஊர் எது?” என்றார் கனகசிங்கம், காரில் ஏறியவுடன்.

“மட்டக்களப்பு, ஐயா.”

கனகசிங்கத்தின் முகம் வாடியது. மட்டக்களப்புக் கோயில்களின் திசை அவருக்குத் தெரியாது.

செலீனின் கட்டடத்துக்கு முன்னால் இறங்கியதும் விதுர்சன் தொலைபேசியை உயர்த்திப் பிடித்து, “நேரலை, ஐயா. அறுபத்துமூண்டு பேர் பாக்கினம். முக்கால்வாசி ஸ்காபரோ” என்றார்.

கனகசிங்கம் வளைந்த இரும்புப் படியில் நாலு படி ஏறித் திரும்பினார். சிவப்புப் பலகை சரியாகப் பின்னால் வருமாறு சற்று இடப்பக்கம் நகர்ந்து நின்றார்.

“அன்பார்ந்த உறவுகளே! இஞ்ச பாருங்கோ, பலகை தொங்குது. ஆனால் உங்கட கனகசிங்கத்துக்கு வீடு இல்லை. ஏன்? பேர்! தோல்! றோஸ்மேரி ட்ரெம்ப்ளே எண்டு ஒரு பெட்டை கேட்டால் வீடு இருக்கு. ஒரு மனுசன் கதவில வந்து நிக்கேக்க அவன் எங்க பிறந்தவன் எண்டு பாத்தே கதவைத் திறக்கிறது? இதைவிடக் கேவலம் உலகத்தில உண்டோ?”

ஸ்காபரோவில் இருந்து திரையில் இதயங்கள் பறந்தன.

“சாட்சி இஞ்ச நிக்குது. சொல்லு பிள்ளை, என்ன பேர் சொன்னாய்?”

அஜந்தா நிலத்தைப் பார்த்தாள்.

“அதைத்தான் மாமா அண்டைக்குச் சொல்ல வந்தனான். எனக்குப் பொய் சொல்ல வாய் வரேல்லை. அஜந்தா சுபாஸ்கரன் எண்டுதான் சொன்னனான்.”

“என்ன?”

“அதுக்குப் பிறகு அவர் தமிழிலதான் கதைச்சவர்.”

விதுர்சன் தொலைபேசியை இறக்கவில்லை. பார்வையாளர் தொகை நூற்றுப்பதினெட்டுக்கு ஏறியிருந்தது.

“தமிழிலயோ? அப்ப… அப்ப ஏன் எனக்கு மட்டும் இல்லை?”

கதவு திறந்தது. செலீன் வந்தாள். ஒரு கையில் பூனை, மற்றக் கையில் ஒரு கடித உறையும் இரண்டு சாவிகளும்.

“பொன்ஜூர், மிஸ்யூ. சத்தம் கேட்டது. உரிமையாளருக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். மிஸ்யூ கிரி, சந்தையில் வெங்காயக் கடை வைத்திருக்கிறாரே, அவர். நீங்கள் எப்படியும் வருவீர்கள் என்று தெரிந்து இதை எழுதித் தந்திருந்தார்.”

“கிரியோ? எனக்கு அப்பிடி ஒருத்தரையும் தெரியாது.”

“உங்களுக்கு நினைவிருக்காது என்றும் சொன்னார். ரொறன்ரோவில் ஒரு பெப்ரவரி மாதம், மனைவியோடும் கைக்குழந்தையோடும் உங்கள் வாசற்படியில் நின்றாராம். நீங்கள் படத்தில் நிற்கிறீர்களே, அதே படி. வீடு இருக்கிறது என்றீர்களாம். பிறகு ஒரு கேள்வி கேட்டீர்களாம். பதில் சொன்னதும் வீடு போய்விட்டது என்றீர்களாம். பலகை தொங்கிக்கொண்டிருந்ததாம்.” செலீன் பூனையை இறக்கிவிட்டாள். “அந்தக் குழந்தைக்கு இப்போது இருபத்தாறு வயது. மருத்துவத் தாதி. இந்தக் கட்டடத்தில் மூன்றாம் மாடி.”

ஜெகதீஸ்வரி கணவனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சாவிகளைப் பார்த்தாள்.

“அவர் கெட்டவர் இல்லை” என்றாள் செலீன். “மதாம் அன்றைக்குக் குசினியில் நின்றதை நான் அவருக்குச் சொன்னேன். சாவியைக் கொடுக்கச் சொல்லிவிட்டார். முதலில் நீங்கள் ஒரேயொரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். எந்தப் பதில் சொன்னாலும் வீடு உங்களுக்குத்தான். உங்களிடம் அதைக் கேட்கவேண்டும், அவ்வளவுதான் என்றார். அதைப் பிரெஞ்சில் சொல்லுங்கள் என்றேன். பிரெஞ்சில் சொன்னால் அது வெறும் வழி கேட்கிற மாதிரி இருக்கும் என்று, தமிழ் உச்சரிப்பை மட்டும் பிரெஞ்சு எழுத்தில் எழுதித் தந்தார். பிழையாக வாசித்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.”

அவள் உறையைப் பிரித்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, ஒரு நல்ல மாணவியைப் போல ஒவ்வோர் எழுத்தாக வாசித்தாள்:

“கோ… யி… லுக்கு… எந்… தப்… பக்… கம்?”