நானே பூட்டிய கம்ப்யூட்டர்

எனக்குச் சம்பளம் கொடுப்பதே பொருத்தம் பார்ப்பதற்குத்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது சொல்லி உங்களுக்குத் தெரியவந்தால் இன்னும் கேவலமாக இருக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக்கம்பி செய்யும் ஆலை ஒன்றில் ஸ்டோர்ஸ் என் பொறுப்பு. உடைந்த பேரிங்கையோ அறுந்த பெல்ட்டையோ யாராவது தூக்கிக்கொண்டு வருவார்கள். நான் ஒரு பார்வை பார்த்து, எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருப்பது அதற்குச் சேரும் என்று சொல்வேன். பதினாறு வருடத்தில் தப்பாகக் கொடுத்தது ரொம்பக் குறைவு. அந்தக் கொழுப்புதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

நான்கு வருடம் முன்னால், ஓர் ஆடி மாதத்தில் நடந்தது இது. என் மனைவி ஸ்டெல்லா கட்டட வரைபடம் போடப் படித்தவள். கல்யாணத்துக்கு முன் அம்பத்தூரில் ஓர் ஆபீசில் வேலை பார்த்தாள். மகள் பிறந்ததும் விட்டாள். விட்டவள் மறுபடி போகவே இல்லை. அதாவது நான் போகச் சொல்லவில்லை. (போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இந்த மாதிரி நியாயமெல்லாம் ஆண்களிடம்தான் கிடைக்கும்.) ஒன்பது வருடம் கழித்து அவளுடைய பழைய மேடம் போன் செய்தார். வீட்டிலிருந்தே பிளான் வரைந்து அனுப்பும் வேலை. முதல் மூன்று நாள் சோதனை, அதில் தேறினால் நிரந்தரம். சொந்தமாகக் கம்ப்யூட்டர் மட்டும் இருக்க வேண்டும். அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தொடக்கம்.

போனை வைத்துவிட்டு ஸ்டெல்லா சமையற்கட்டில் நின்றபடியே கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம் வந்து, "ஏங்க, பிரகாஷ் கிட்ட சொல்லி ஒரு கம்ப்யூட்டர் பாக்கச் சொல்லட்டா?" என்றாள்.

பிரகாஷ் அவள் தம்பி. திருநின்றவூரில் அறை எடுத்துத் தங்கி, தினமும் ரயிலேறிச் சென்னை ஆபீசுக்குப் போகிறவன். அன்றைக்குச் சாயங்காலமே பேசினான். "மாமா, திருவள்ளூர்ல எனக்குத் தெரிஞ்ச பாய் ஒருத்தர் இருக்காரு. இன்னா வேலைக்குன்னு சொன்னா போதும், அவரே எல்லாத்தையும் சேத்து, ஓட்டிக் காட்டிக் குடுத்துருவாரு. இல்லாங்காட்டி எங்க ஆபீஸ்ல பழைய லேப்டாப் ஒண்ணு சும்மாதான் கெடக்குது. கேட்டா குடுப்பாங்க."

"வேணாம்டா. ரெடிமேடா குடுக்குறவன் உள்ள இன்னா வச்சு மூடுறான்னு யாருக்குத் தெரியும்? நானே சாமான் வாங்கிப் பூட்டிடறேன்."

"உங்களுக்குத் தெரியுமாங்க?" என்று ஸ்டெல்லா கேட்டாள். சந்தேகமாகக்கூட கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"பதினாறு வருஷமா நான் வேற இன்னா பண்ணிக்கினு இருக்கேன்?" என்றேன்.

அதன்பிறகு இரண்டு வாரம் வீடியோ பார்த்தேன். அந்த வீடியோக்களில் யாருக்கும் வியர்ப்பதில்லை. பின்னால் பாட்டு ஓடும், முன்னால் கைகள் மட்டும் தெரியும், இருபது நிமிடத்தில் கம்ப்யூட்டரில் படம் வரும். பழைய டைரி ஒன்றில் பட்டியல் போட்டேன். கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸர் ஆன்லைனில் தள்ளுபடியில் வந்தது. எல்லாவற்றையும் செருகும் பலகையான மதர்போர்டும், நினைவகமான ராமும் சென்னையில் வாங்கினேன். இரண்டும் ஒன்றுக்கொன்று சேரும் என்று விற்றவரே சொன்னார். ப்ராசஸர் எது என்று அவர் கேட்டாரா, கேட்டு நான் சொல்லவில்லையா என்பது இப்போது ஞாபகமில்லை. ப்ராசஸரும் போர்டும் ஒரே கம்பெனி ரகம். அதை மட்டும் இரண்டு தடவை சரிபார்த்து டிக் அடித்திருந்தேன்.

கேபினட் எனப்படும் தகரப் பெட்டியை மட்டும் திருவள்ளூர் சலீம் பாய் கடையில் வாங்கினேன். பிரகாஷ் சொன்ன அதே பாய்தான். அவர் பெட்டியைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, "லிஸ்ட்டு வச்சிருந்தா காட்டுங்க சார். ஒரு தபா பாத்துடறேன்" என்றார். நான் டைரியை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். தொழில் ரகசியம் பாருங்கள்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை, காலை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தேன். கட்டிலில் விரித்திருந்த போர்வையை எடுத்துத் தரையில் போட்டுக் கடை பரப்பினேன். உடம்பில் இருக்கும் மின்சாரம் சாமானைச் சுட்டுவிடும், அவ்வப்போது இரும்பைத் தொட்டுக்கொள்ள வேண்டும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். அதனால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து போய் ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு வந்தேன். எதிர்வீட்டு அம்மா மூன்றாவது தடவை என்னவென்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன்.

மதர்போர்டில் ப்ராசஸர் உட்காருவதற்கு ஒரு சதுரமான இடம் இருக்கும். அதில் தலைமுடியைவிட மெல்லிய ஊசிகள் ஆயிரத்துக்கும் மேலே நெருக்கமாக நட்டிருக்கும். ப்ராசஸரை அதன்மேல் வைத்தால் தானாக உட்கார வேண்டும். வைத்தேன். உட்காரவில்லை. ஒரு பக்கம் கால் அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

அந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் நிறுத்தியிருப்பான். நான் ஸ்டோர்ஸ்காரன். புது சாமான் கொஞ்சம் டைட்டாகத்தான் இருக்கும், ஒரு தட்டு தட்டினால் உட்காரும் என்று எத்தனையோ ஃபிட்டர்களுக்குச் சொல்லி அனுப்பியவன். கட்டைவிரலை வைத்து லேசாக அழுத்தினேன். பிறகு லேசாக இல்லாமல் அழுத்தினேன்.

அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

தூக்கிப் பார்த்தேன். யானை புகுந்த கரும்புத் தோட்டமாக ஊசிகள் சாய்ந்து கிடந்தன. உள்ளே ஸ்டெல்லா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் ஒரு நொடி நின்று மறுபடி கேட்டது.

"இன்னாங்க ஆச்சு?"

"போர்டுல சின்ன டிஃபெக்ட். நாளைக்கு மாத்திக்கினு வந்துடறேன்" என்றேன். அவள் மேலே கேட்கவில்லை.

மறுநாள் ஆடி ஞாயிறு. சென்னைக் கடைக்கு லீவு, சலீம் பாய்தான் கதி. கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூருக்குப் பெரியபாளையம் வழியாகத்தான் பஸ். அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் மொத்தமும் அதில்தான் இருந்தது. என் இரண்டு பக்கமும் வேப்பிலைக் கட்டு, காலடியில் ஒரு கோழி, மடியில் மதர்போர்டு, பாக்கெட்டில் ப்ராசஸர். பக்கத்தில் நின்ற அம்மா, "இன்னா நைனா, காணிக்கையா?" என்று பெட்டியைக் காட்டிக் கேட்டார்கள். நான் இருந்த நிலையில் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

சலீம் பாய் போர்டை வாங்கிக் கண்ணாடி மாட்டிப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"அழுத்துனீங்களா சார்?"

"இல்ல."

"லேசா?"

"லேசா."

கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இந்த போர்டு பழைய மாடல். ப்ராசஸர் அதுக்கு அடுத்த மாடல். ரெண்டும் சேராது."

"ஒரே கம்பெனிதானே பாய்?"

"உங்க செருப்பும் என் செருப்பும் ஒரே கம்பெனிதான் சார்" என்றார்.

கடையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். இரண்டு பேரும் குனிந்து என் செருப்பைப் பார்த்தார்கள்.

ப்ராசஸருக்குச் சேர்கிற வேறு போர்டு எடுத்துக் கொடுத்தார். பில் போடும்போது, "ராம் இன்னா வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். நல்ல மனுஷன், அவ்வளவுக்குப் பிறகும் கேட்டார். ஆனால் ஒரே நாளில் ஒரு மனிதன் எவ்வளவு பாடம்தான் வாங்குவது? "அதெல்லாம் சரியா இருக்குது பாய்" என்று சொல்லிவிட்டு பஸ் பிடித்தேன்.

அன்று மாலை ப்ராசஸர், வீடியோவில் பார்த்த மாதிரியே, வைத்ததும் தானாக உட்கார்ந்தது. சந்தோஷத்தில் ஜன்னல் கம்பியைக்கூட மறந்துவிட்டேன். அடுத்து ராம். பட்டையான குச்சி மாதிரி இருக்கும், அடியில் ஒரு வெட்டு இருக்கும். போர்டில் இருக்கும் சிறு மேடு அந்த வெட்டுக்குள் போக வேண்டும். என் ராமில் வெட்டு ஓரிடம், போர்டில் மேடு வேறிடம். திருப்பி வைத்தேன், சேரவில்லை. புது போர்டு புது ரக ராம் கேட்கிறது, என் கையில் இருப்பதோ பழைய போர்டுக்கு வாங்கியது. இந்தத் தடவை நான் அழுத்தவில்லை. அந்த அளவுக்கு வளர்ந்திருந்தேன்.

சலீம் பாய்க்குப் போன் செய்தேன். கடையை மூடிவிட்டார், நாளைக்குப் பத்து மணிக்குத் திறப்பார். ஸ்டெல்லாவுக்கு வேலை தொடங்குவதோ ஒன்பது மணிக்கு. பிரகாஷிடம் அந்தப் பழைய லேப்டாப்பைக் கேட்கலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. கேட்டேன். நான் வேண்டாம் என்றதால் போன வாரமே யாரோ எடுத்துப்போய்விட்டார்களாம்.

ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள் கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "காலையில பாத்துக்கலாம், சாப்புடுங்க" என்றாள்.

காலையில் எட்டரை மணிக்குப் புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு, நான் வாங்கி வைத்திருந்த மவுஸை மட்டும் எடுத்துப் பைக்குள் வைத்தாள். (மொத்தச் சாமானிலும் உடனே வேலைக்கு ஆனது அது ஒன்றுதான்.) பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் இருக்கிறது. ஆதார் திருத்தம், பட்டா நகல், பரீட்சை ஹால் டிக்கெட் எல்லாம் எடுத்துக் கொடுக்கும் இடம். முந்தின நாள் நான் பஸ்ஸில் கோழியோடு போய்க்கொண்டிருந்தபோதே அவள் அங்கே போய்ப் பேசி, மூன்று நாளைக்கு ஒரு மூலைக் கம்ப்யூட்டரை வாடகைக்குச் சொல்லி வைத்துவிட்டு வந்திருக்கிறாள். வரைகிற சாப்ட்வேரையும் மேடத்திடம் கேட்டு அங்கேயே ஏற்றியாயிற்று. எனக்கு இது திங்கட்கிழமைதான் தெரியும்.

நான் லீவு போட்டுவிட்டு மறுபடி திருவள்ளூர் போய், புது ரக ராம் வாங்கிக்கொண்டு, மத்தியானம் வந்து எல்லாவற்றையும் பூட்டினேன். சுவிட்சைப் போட்டேன். விசிறிகள் சுற்றின. பெட்டிக்குள் சிவப்பும் நீலமுமாக விளக்கு எரிந்தது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. கழற்றிப் பூட்டினேன். மறுபடி கழற்றிப் பூட்டினேன். ஐந்து மணிவாக்கில் கழற்றவும் தெம்பில்லாமல் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அது திருவிழாப் பந்தல் மாதிரி ஜொலித்துக்கொண்டிருந்தது.

ஆறு மணிக்கு ஸ்டெல்லா வந்தாள். பார்த்தாள். "புக்கு எங்க?" என்று கேட்டாள். போர்டோடு ஒரு சின்னப் புத்தகம் வந்திருந்தது. அதை நான் பிரிக்கவே இல்லை. அவள் பிரித்துப் படித்தாள். பிறகு ப்ராசஸர் வந்த அட்டைப்பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு, சலீம் பாய்க்குப் போன் போட்டு, அதன் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தாள். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"பேர்ல கடைசியா ஒரு எழுத்து இருக்குது பாருங்க. அது இருந்தா தானா படம் வராதாம். தனியா கிராபிக்ஸ் கார்டு போடணுமாம். அதான் வெல கம்மி."

"நான் அதை ஸ்பெஷல் ரகம்னு நெனச்சேன்."

அவள் சிரிக்கவில்லை. எனக்கும் அதற்குமேல் சுமக்க முடியவில்லை. "ஸ்டெல்லா, அந்த மொதல் போர்டு டிஃபெக்ட் இல்ல. நான்தான் அழுத்தி ஒடச்சிட்டேன்" என்றேன்.

"தெரியும். சத்தம் கேட்டுச்சு."

"அப்ப ஏன் ஒண்ணும் கேக்கல?"

"நீங்களே சொல்வீங்கன்னு பாத்தேன். சொல்லாததால ஞாயித்துக்கெழம பிரவுசிங் சென்டருக்குப் போனேன்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அன்று இரவு வரை அதிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை.

மூன்று நாளும் அவள் அங்கேதான் வேலை பார்த்தாள். மூலையில் ஒரு பெண் மும்முரமாக டைப் அடிப்பதைப் பார்த்து, வருகிறவர்களெல்லாம் அவளையே ஆபீசர் என்று நினைத்துக்கொண்டார்கள். எளாவூரிலிருந்து வந்த லாரி டிரைவர் ஒருவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, லைசென்ஸ் பாரத்தை நிரப்பிக் கொடுத்தால்தான் போவேன் என்றாராம். நிரப்பிக் கொடுத்துவிட்டு, படுக்கையறைச் சுவரை எங்கே விட்டோம் என்று தேடி வரைந்திருக்கிறாள். மேடம் போனில் பேசும்போதெல்லாம் பின்னால் யாரோ, "ரெண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மேடம் என்ன சத்தம் என்று கேட்டிருக்கிறார். இவள் உள்ளதைச் சொல்லிவிட்டாள். புதன்கிழமை சாயங்காலம் வேலை உறுதி என்று மெசேஜ் வந்தது.

கார்டு வாங்க வியாழக்கிழமை அவளே கிளம்பினாள், பை தூக்க நானும் போனேன். கிளம்புமுன் வரைபட ஸ்கேலை எடுத்துப் பெட்டிக்குள் நீட்டி நீளம், அகலம், உயரம் குறித்துக்கொண்டாள். கடையில் முதலில் காட்டிய கார்டு பெட்டிக்கு ஒன்றரை அங்குலம் நீளம் அதிகம் என்று வேண்டாம் என்றாள். இரண்டாவதை வாங்கினாள். சலீம் பாய் என் பக்கம் திரும்பி, "மேடத்தையே மொதல்ல அனுப்பியிருக்கலாமே சார்" என்றார். அன்று மாலை அவள் பூட்ட, நான் டார்ச் பிடித்தேன். படம் வந்தது. இன்றைக்கு வரைக்கும் வருகிறது.

எனக்கு வந்தது வேறு. ஒன்றரை வருடம் கழித்துப் பிரகாஷுக்குப் பெண் பார்க்கப் போனோம். காபி குடித்து, பேச்சு முடிகிற நேரம். பெண்ணின் அப்பா மரியாதைக்காக என்னைப் பார்த்து, "மூத்த மாப்பிள்ள ஒண்ணுமே சொல்லலியே. ரெண்டு பேருக்கும் பொருந்துமா, இன்னா நெனக்கிறீங்க?" என்றார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். அதற்குள் என் மாமியார் முந்திக்கொண்டார். "அவரக் கேக்காதீங்க. அழுத்திப் பாப்பாரு."

விவரம் தெரியாதவர்களுக்கு முழுக் கதையும் சொல்லப்பட்டது. ஸ்டெல்லாதான் சொன்னாள், கையால் நடித்தும் காட்டினாள். அந்தப் பெண்ணும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தது.

கல்யாணம் நடந்து அந்தப் பெண் இப்போது எங்கள் வீட்டுக்கு வந்து போகிறது. மற்ற விஷயங்களில் ரொம்ப மரியாதை. ஆனால் நான் ஊறுகாய் பாட்டில் மூடியைக் கையில் எடுத்தால் போதும், எந்த அறையில் இருந்தாலும் குரல் வந்துவிடும்: "அண்ணே, அழுத்தாதீங்க, குடுங்க."

கொடுத்துவிடுகிறேன்.